புதன்கிழமைகளில் நான் பேசிய மலாய்

மாத்திரையா, பேச்சா, உங்களுக்கு எது வேண்டும் என்று கிளினிக்கில் என் புருஷனைக் கேட்டார்கள். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், "பேசணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அந்த மனுஷன் வாயைத் திறப்பதே சாப்பிடத்தான் என்று நானும் மகள் ஷர்மினியும் கேலி பண்ணுவோம். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் என்னிடம் பேசாத பேச்சையா முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரப் பெண்ணிடம் பேசப்போகிறார்? பேசட்டும், பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அவருக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பெயர் லெட்சுமணன். வயது ஐம்பத்து நாலு. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் வேலை. ஜொகூரில் எங்கள் வீடு இருக்கிற பெர்மாஸ் ஜெயாவிலிருந்து விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஆயிரக்கணக்கான மோட்டாரோடு மோட்டாராகக் கடல்மேல் இருக்கிற எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டின பிறகு திரும்பி வருவார். ஒரு நாள் லீவு போட்டதில்லை. போன ஜனவரியில் ஒரு காலையில் போனவர் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். நான் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "என்னங்க, எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். "போகல" என்றார். அதற்குப் பிறகு அவர் போகவே இல்லை.

கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். முகச்சவரம் இல்லை. தூக்கம் இல்லை. டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருப்பார்கள், இவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடியும். சத்தமே இருக்காது. ஷர்மினிதான் பிடிவாதம் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒன்பது நாள் போட்டார். "தலைக்குள்ள பஞ்ச வெச்சி அடைச்ச மாதிரி இருக்கு. அழுக வரல. ஆனா வேற எதுவும் வரல" என்று சொல்லி நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் போட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். பலருக்கும் அந்த மாத்திரையில் குணம் கிடைக்கிறதாம். கேட்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது, மாத்திரையா, பேச்சா என்று.

என்னைக் கேட்டிருந்தால் மாத்திரை என்றுதான் சொல்லியிருப்பேன். மாத்திரை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். பேச்சு அப்படியா? ஒன்று வெளியே வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்! ஷர்மினிக்கு மூவாரில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். பையன் பெயர் குணாளன். அப்பா மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறார். பையனின் அம்மா அதற்குள் தங்காக்கில் எந்தக் கடையில் புடவை எடுப்பது என்று எனக்குப் போன் பண்ணிப் பேச ஆரம்பித்துவிட்டாள். பெண்ணோட அப்பா வேலைக்குப் போகவில்லை என்பதை முதுகுவலி என்று சொல்லி ஒரு மாதிரி சமாளித்து வைத்திருந்தேன்.

பேச்சு என்று முடிவான பிறகு அடுத்த சிக்கல். தமிழ் பேசுகிற ஆலோசகர் ஒருவர் அங்கே இருந்திருக்கிறார். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது இருப்பவர் புவான் அஸ்லினா. புவான் என்றால் மலாயில் அம்மா என்று மரியாதையாகச் சொல்வது. முப்பது வயதுகூட இருக்காது. சிரித்த முகம், மெதுவான குரல். மலாய் தெரியும், இங்கிலீஷ் தெரியும், தமிழ் தெரியாது. என் புருஷன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவருடைய மலாய் காய்கறி வாங்குகிற மலாய், போலீஸ்காரரிடம் சம்மன் அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிற மலாய். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

"குடும்பத்தில் இருப்பவர்களை மொழிபெயர்க்க வைப்பது வழக்கமில்லை. வெளியிலிருந்து ஆள் ஏற்பாடு செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும்" என்று புவான் அஸ்லினா தயங்கினாள்.

மூன்று மாதமா? நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "பரவால்ல. இவளே சொல்லட்டும். இவ மலாய் நல்லா பேசுவா" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பதினெட்டு வருஷமாக நான் ஒரு ஆரம்பப் பள்ளி ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் தலைமையாசிரியர்கள் எழுதுகிற கடிதம் எல்லாம் என் கையில் பட்டுத்தான் வெளியே போகும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. தமிழ்க்கார அம்மாமார்கள் கௌண்டரில் வந்து சண்டை போடுவார்கள். 'எம் புள்ளய அடிச்ச வாத்தியார வெளிய வரச் சொல்லு, இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்' என்று கத்துவார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்பார். "மகனுடைய நலனைப் பற்றி ஆசிரியரோடு கலந்து பேச விரும்புகிறார்" என்று மலாயில் சொல்வேன். அவர் உடனே எழுந்து நாற்காலி போடுவார். அந்த அம்மாவுக்கும் கோபம் இறங்கிவிடும். புஷ்பவள்ளி இல்லையென்றால் இந்த ஸ்கூலில் தினமும் போலீஸ் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். பதினெட்டு வருஷமும் மனிதர்கள் சொல்வதைக் கழுவித் துடைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அதைத்தான் புவான் அஸ்லினாவின் அறைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

புதன்கிழமை காலை பத்து மணி. ஸ்கூலில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு வருவேன். சின்ன அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு பெட்டி டிஷ்யூ. அவள் மலாயில் கேட்பாள், நான் தமிழில் அவருக்குச் சொல்வேன், அவர் தமிழில் சொல்வார், நான் மலாயில் அவளுக்குச் சொல்வேன்.

முதல் வாரம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள். இரண்டாவது வாரம் வேலையைப் பற்றி. அவர் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு மேல ஒரு பையன போட்டானுங்க. எம் மக வயசு. எல்லார் முன்னாடியும் என்ன, 'அங்கிள், யூஸ் யோர் பிரெய்ன்'ங்கறான். இருவத்திரண்டு வருசம் அந்த கெடங்குல எந்தச் சாமான் எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். இப்ப எல்லாம் மிசின் சொல்லுதாம். நான் என்னாத்துக்கு அங்க?"

"வேலையிடத்தில் புதிய நிர்வாகத்தோடும் தொழில்நுட்பத்தோடும் ஒத்துப்போவதில் சற்று சவால் உள்ளது என்கிறார்" என்றேன்.

என்ன அழகான மலாய்! புவான் அஸ்லினா தலையாட்டி எழுதிக்கொண்டாள். அவர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நன்றாகச் சொன்னாய் என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் வீட்டைப் பற்றி. அவர் அதே மேசை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்டுல என்ன பாத்து பேசி ரொம்ப நாளாச்சு. என்னப் பத்தி பேசுவாங்க. என்ன வெச்சிக்கிட்டே பேசுவாங்க. அப்பா சாப்ட்டாரா, அப்பாவ கூப்புடு, அப்பா சட்டைய தேயி. எங்கிட்ட யாரும் பேசறதில்ல. புஷ்பா கெட்டவ இல்ல. அவளுக்கு ஆயிரம் வேல. நான் வேலைக்குப் போறப்ப அது தெரியல. இப்ப நாள் முழுக்க தெரியுது."

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியைப் பற்றி, அவள் வாயாலேயே அடுத்தவளுக்குச் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் காது சுட்டது. கோபம் வந்தது. இந்தக் குடும்பத்துக்காக நான் ஓடுகிற ஓட்டம் உங்களுக்குத் தெரியுமா என்று அங்கேயே கேட்டிருப்பேன். ஆனால் எதிரில் ஆபீசர் இருக்கிறாளே.

"குடும்பத்துக்குள் தொடர்பை இன்னும் மேம்படுத்தலாம் என்று கருதுகிறார்" என்றேன்.

அன்று திரும்பி வரும்போது காரில் ரேடியோவை வைத்தேன். எப்போதும் மலாய் ரேடியோதான் வைப்பேன். ஜோக் வந்தபோது நான் சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நாலாவது புதன்கிழமைதான் அது நடந்தது. மூவார்க்காரர்கள் வருவதற்குப் பதினெட்டு நாள் இருந்தது. வீட்டுக்குத் திரை மாற்றுவதா, சுவருக்குச் சாயம் அடிப்பதா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகாமல் நின்ற முதல் நாள் என்ன நடந்தது என்று புவான் அஸ்லினா கேட்டாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார்.

"அன்னிக்கி பாலத்து நடுவுல மோட்டார ஓரமா நிறுத்திட்டேன். பின்னால எல்லாம் ஹார்ன் அடிக்கிறானுங்க. நான் எறங்கி கம்பிய புடிச்சிக்கிட்டு தண்ணியப் பாத்துக்கிட்டு நின்னேன். எவ்ளோ நேரம்னு தெரியல. ஒரு போலீஸ்காரரு விசில் அடிச்சாரு. அவரு மட்டும் அடிக்கலன்னா நான் இங்க ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

அதோடு என் காது அடைத்துக்கொண்டது.

ஜொகூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் குறும்பு பண்ணினால் 'தம்போய்க்கு அனுப்பிடுவேன்' என்றுதான் எங்கள் அம்மாமார்கள் மிரட்டுவார்கள். மனநலத்துக்கென்று இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. உள்ளே நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறார்களாம். ஆனால் ஊர் வாயில் அந்தப் பெயர் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். 'அந்த வீட்டு ஆம்பள தம்போய்ல இருக்காரு' என்று ஒருத்தர் சொன்னால் போதும், மூவாருக்கு அது மோட்டார் இல்லாமலே போய்ச் சேரும். இவர் சொன்னதை நான் இப்போது மலாயில் சொன்னால் இந்தப் பெண் என்ன செய்வாள்? போனை எடுப்பாள். ஆம்புலன்ஸ் வரும். ஷர்மினி?

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அப்படி அவர் பேசி நான் பார்த்ததில்லை. நிறுத்தவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். கை மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் அழுதார், புவான் அஸ்லினா டிஷ்யூவை நகர்த்தி வைத்தாள், வாங்கித் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையைப் போட்டால் ஒட்டும் என்று மனதுக்குள் வரைவு எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் முடித்தார். பெருமூச்சு விட்டார். முகம் ஈரமாக இருந்தது. ஆனால் தோள் இரண்டும் இறங்கி, ஏதோ பாரத்தை இறக்கி வைத்த கூலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார்.

நான் மலாயில் சொன்னேன். "தினமும் பாலத்தில் நெரிசல். மோட்டாரில் போய் வருவது மிகவும் களைப்பாக இருந்தது. அன்று முடியாமல் திரும்பிவிட்டார். இத்தனை வருஷ வேலையை விட்டதில் வருத்தம்."

புவான் அஸ்லினா பேனாவைக் கீழே வைத்தாள். "அவர் நிறைய நேரம் பேசினாரே" என்றாள்.

"தமிழில் எல்லாமே நீளம்தான், புவான்" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். உயிரோடு இருக்க வேண்டாம் என்றோ, தன்னைத் தானே எதுவும் செய்துகொள்ள வேண்டும் என்றோ அவருக்கு எண்ணம் வருகிறதா? ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாக இருந்தது. நான் அவர் பக்கம் திரும்பி, "வேற ஏதாச்சும் சொல்லணுமான்னு கேக்கறாங்க" என்றேன்.

என்னையே பார்த்தார். நான் கண்ணை எடுத்துவிட்டேன்.

"இல்ல" என்றார்.

"இல்லை என்கிறார்" என்றேன்.

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது. ஆனால் அன்று? தப்பித்தேன் என்றுதான் இருந்தது. வரும் வழியில் சாயக்கடையில் நிறுத்தி, சுவருக்கு வெள்ளையா சந்தனமா என்று அவரிடம் கேட்டேன். "எதாச்சும்" என்றார்.

ஐந்தாவது புதன்கிழமை டாக்டரும் வந்து உட்கார்ந்தார். இத்தனை வாரம் பேசியதில் எப்படி இருக்கிறது, தொடரலாமா, இல்லை மருந்தையும் சேர்த்துக்கொள்ளலாமா, வேறு மருந்து முயற்சி செய்யலாமா, இது அவருடைய விருப்பம், அவர் சொல்வதுதான் முடிவு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்க்கத் திரும்பினேன். அதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார். மலாயில்.

"மருந்து போதும், டாக்டர். இந்தப் பேச்செல்லாம் வேண்டாம்."

நல்ல மலாய். தடுமாற்றமே இல்லை. டாக்டருக்குச் சந்தோஷம். புவான் அஸ்லினா மட்டும், "நிச்சயமாகவா, என்சிக்?" என்று மலாயில் ஐயா போட்டு இரண்டு தடவை கேட்டாள். "நிச்சயம்" என்றார். தாளில் கையெழுத்துப் போட்டார். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்க மாட்டேன். நிம்மதியாக இருந்தது. "நல்ல முடிவுங்க" என்று காரில் சொன்னேன். "ம்" என்றார்.

மூவார்க்காரர்கள் வந்தார்கள். சந்தனச் சுவர், புதுத் திரை, பிரியாணி, கேசரி. இவர் தேய்த்த சட்டை போட்டு, சவரம் பண்ணிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில். முதுகு எப்படி இருக்கிறது என்று பையனின் அப்பா கேட்டார். "இப்ப தேவலாம்" என்றார். நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை கிளம்பும்போது அவர் காலில் விழுந்து கும்பிட்டான். ஷர்மினி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது.

அவர்களை அனுப்பிவிட்டு ஷர்மினி தோழிகளைப் பார்க்கப் போய்விட்டாள். மத்தியானம் மூன்று மணி. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஈரப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று, "நான் சொன்னத நீ சொல்லல, புஷ்பா" என்றார்.

"எத?"

"எதுவுமே."

கையிலிருந்த சட்டி அப்படியே நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருவத்திரண்டு வருசம் மலாய்க்காரனுங்களோட லோரில ஒக்காந்து சாப்புட்டவன்லா நானு. எல்லாம் புரியும்."

"அப்ப நீங்களே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே?" எனக்குக் கோபம்கூட வந்தது.

"வாயில வரல. சாமான் தூக்கு, எறக்குன்னா மலாய்ல வரும். இது தமிழ்லதான் வந்துச்சு." ஒரு தட்டை மெதுவாகத் துடைத்தார். "நீ மாத்திச் சொன்னப்ப முதல்ல வருத்தமாத்தான் இருந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியலன்னா போவுது, உனக்குக் கேட்டுச்சில்ல. ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிச்சில்ல. வீட்டுக்கு வந்து ஏதாச்சும் கேப்பன்னு நெனச்சேன். நீ சாயக்கடைல நிறுத்துன."

சொல்லிவிட்டுத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே நாற்காலிக்குப் போய்விட்டார். அழவில்லை. புது மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருப்பார்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஸ்கூலுக்கு அவசர லீவு சொல்லிவிட்டேன். ஷர்மினியிடம், "அப்பாவ தனியா வுடாத. மோட்டார் சாவி எங்கிட்ட இருக்கு. ஏன்னு அப்பறம் சொல்றேன்" என்றேன். கிளினிக்கில் புவான் அஸ்லினாவைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன், உட்காரவில்லை, நின்றபடியே பாலத்தைச் சொன்னேன். விசிலைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியை நான் மாற்றிக் கேட்டதையும் சொன்னேன். இந்தத் தடவை எதையும் கழுவவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "ஏன், புவான்?" என்று மட்டும் கேட்டாள்.

"தம்போய்க்கு அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்துவிட்டேன்."

"உடனே அனுப்பியிருக்க மாட்டேன். அன்று அவரை இன்னும் கொஞ்ச நேரம் பேச விட்டிருப்பேன்" என்றாள்.

உடனே அவருக்குப் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டாள். இன்றே வர முடியுமா, இப்போது எப்படி இருக்கிறது, அன்று கேட்ட கேள்வியை மறுபடி கேட்கலாமா என்று நேராகவே கேட்டாள். அவருடைய குரல் அமைதியாக இருந்தது. இப்போது அந்த எண்ணம் இல்லை என்றார். மனைவி பயந்திருக்கிறாள், மற்றபடி ஒன்றுமில்லை என்றார். டாக்டர் சொன்ன நாளில் கண்டிப்பாக வருகிறேன், மாத்திரை வாங்கிக்கொள்கிறேன் என்றார். தமிழ் பேசுகிற ஒருவரோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்யட்டுமா, மனைவி கூட இருக்க மாட்டார் என்று அவள் கேட்டாள். "நன்றி, புவான். வேண்டாம்" என்றார்.

போனை வைத்தாள். அவரைத் தனியாக விடாதீர்கள், கொஞ்சம் மாறுதல் தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள், அடுத்த வாரம் அவர் வரும்போது நானும் பார்க்கிறேன், டாக்டரிடம் இன்றே பேசுகிறேன் என்றெல்லாம் சொன்னாள். எழுதியும் கொடுத்தாள். "ஆனால் பேசு என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது, புவான். அது அவர் விருப்பம்."

பிறகு நோட்டைத் திறந்தாள். "ஒன்று மட்டும் செய்யலாம். அன்று பாலத்தைச் சொன்ன பிறகு அவர் நிறைய நேரம் பேசினார். அழுதார். அதுதான் முக்கியமாக இருந்திருக்கும். அதை எனக்குச் சொல்லுங்கள். எது அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று தெரிந்தால் அடுத்த வாரம் அவரிடம் எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியும். அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள்."

நான் வாயைத் திறந்தேன்.

நான் சொன்ன மலாய் அத்தனையும் ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் சொல்ல முடிந்திருக்கும். நெரிசல், களைப்பு, வருத்தம். அவர் சொன்னது? என் பெயர் ஒரு தடவை வந்தது. பச்சைச் சட்டை என்று ஏதோ வந்தது. யாரோ கதவைத் திறக்கவில்லை என்றோ, திறந்தார்கள் என்றோ வந்தது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவருடைய உதடு அசைந்ததாகத்தான் இருக்கிறது. பத்து நிமிஷம். ஒரு மனுஷன் ஐம்பத்து நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்கிறார், அதைக் கேட்க அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்.

"புவான்?" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியவில்லை" என்றேன்.

அன்று சாயந்திரம் அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷர்மினியை மாடிக்கு அனுப்பிவிட்டேன். டிவியை அணைத்தேன். அவர் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"என்னங்க."

"ம்."

"அந்தப் புதன்கிழம, பாலத்தப் பத்திச் சொன்னதுக்கு அப்பறம் பேசுனீங்களே. அத எனக்கு இன்னொரு தடவ சொல்றீங்களா?"

"எதுக்கு? உனக்குத்தான் தெரியுமே."

"பச்ச சட்டன்னு சொன்னீங்க."

"ஆமா. பச்ச சட்டைக்கு என்னா?"

நான் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் கை சோற்றிலேயே நின்றது. மெதுவாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. ஏதாவது பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சமாளிக்கத்தான் எனக்கு வரும்.

"நீ கேக்கவே இல்லியா?" என்றார்.

"இப்ப கேக்கறேங்க. எவ்ளோ நேரமானாலும் ஒக்காந்து கேக்கறேன். என்னப் பத்தி எது இருந்தாலும் பரவால்ல. சொல்லுங்க."

அவர் முயற்சி பண்ணினார். அதை நான் சொல்லியாக வேண்டும். உதட்டை நனைத்துக்கொண்டார். "அது வந்து" என்று ஆரம்பித்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி, "அப்ப எங்கப்பா" என்றார். நின்றுவிட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எங்கேயோ வைத்த சாமானைத் தேடுகிறவர் மாதிரி ரொம்ப நேரம் இருந்தார்.

"வரலலா" என்றார் கடைசியில். "அன்னிக்கி வந்துச்சு. இப்ப எல்லாம் தூரமா இருக்கு."

நான் அழுதுவிட்டேன். அவர் இடது கையால் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "பரவால்ல, புஷ்பா. வுடு. அழுவாத" என்றார். பிறகு சாப்பாட்டை முடித்தார், கையைக் கழுவிவிட்டு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார், மறுபடி என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நானும் எழுந்திருக்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.